கடவுச்சீட்டை மாற்றிக்கொண்ட நடுக்கள வீரர்: இந்தியக் கால்பந்தில் ஜப்பானியர் தடம்

திருச்சிக்காரர்களுக்குக் கால்பந்து என்றதும் பொன்மலைதான் நினைவுக்கு வரும். தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து 1920-களின் இறுதியில் இங்கு இடம்பெயர்ந்தது. பணிமனையோடு ரயில்வே குடியிருப்பும் மைதானமும் வந்தன. பந்தை நன்றாக ஆடும் பையனுக்கு வீட்டார் கண்ட கனவு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை. ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி எனத் தமிழகத்தில் கால்பந்து நெடுங்காலம் துறை அணிகளின் நிழலில்தான் வளர்ந்தது. ஆட்டம் வேலைக்கு வழி, வேலை ஓய்வூதியத்துக்கு வழி. அந்த அமைப்பில் வெளிநாட்டு வீரருக்கு இடமே இல்லை.

1996-இல் தேசிய லீக் தொடங்கிய பிறகு நிலைமை மெல்ல மாறியது. கிளப்புகள் வெளிநாட்டவரைத் தேடியபோது முதலில் வாங்கியது கோல் அடிக்கும் கால்களை. ஆப்பிரிக்க, பிரேசில் முன்கள வீரர்களே பெரும்பாலும் வந்தார்கள். தடுப்பாட்டத்தையும் தாக்குதலையும் இணைக்க வேண்டிய நடுக்களமோ வெறுமையாகவே கிடந்தது. பந்து அதன் தலைக்கு மேலேயே பறந்துகொண்டிருந்தது. ஜப்பானியர் வருகையை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும்.

அராத்தா இசுமி 1982 ஜூலை 31 அன்று ஜப்பானின் ஷிமோனோசெகியில் பிறந்தார். தாய் ஜப்பானியர், தந்தை குஜராத்தி. நீல்கண்ட் கம்போல்ஜா என்ற இந்தியப் பெயரும் அவருக்கு உண்டு. இந்தியாவுக்கு வருமுன் அவர் ஆடிய இடங்களில் ஒன்று சிங்கப்பூர். ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாத்தா கிளப் 2004 முதல் சிங்கப்பூர் லீக்கில் தன் கிளை அணி ஒன்றை ஆடவைத்தது. சொந்த நாட்டின் முதல்நிலை லீக்கில் இடம் கிடைக்காத இளைஞர்களுக்கு ஆசியாவின் மற்ற லீக்குகளை நோக்கி அது ஒரு வாசலைத் திறந்துவிட்டது. அந்த வாசல் வழியே வந்தவர்தான் அராத்தா.

2006-இல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால், பிறகு மும்பையின் மஹிந்திரா யுனைடெட், 2009-இல் புனே எஃப்.சி. என அவர் பயணம் தொடர்ந்தது. தாக்குதல் நடுக்கள வீரரான அவரது ஆட்டத்தின் சிறப்பு, பந்து இல்லாத நேரத்தில் வெளிப்பட்டது. முன்கள வீரர் தடுப்பாளர்களைத் தன்பின்னே இழுத்துச் செல்லும்வரை பொறுத்திருப்பார். பெனால்டி பகுதியின் விளிம்பில் இடம் காலியானதும் கடைசி ஆளாக உள்ளே ஓடிவருவார். தடுப்பாளர் திரும்பிப் பார்க்குமுன் பந்து அவர் காலிலிருந்து கிளம்பியிருக்கும். அன்றைய இந்திய நடுக்களத்தில் இந்தப் பொறுமை அரிது. புனேயில் அவரோடு ஆடியவர்களில் திருச்சியில் பிறந்த தடுப்பாட்ட வீரர் தர்மராஜ் ராவணனும் ஒருவர்.

அராத்தாவின் வரலாற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது அவர் அடித்த கோல்களல்ல, 2012-இல் அவர் எடுத்த முடிவு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் இந்தியாவுக்காக ஆட முடியாது என்று மத்திய விளையாட்டு அமைச்சகம் 2008 டிசம்பரில் அறிவித்தது. சென்னையின் விஜய் அமிர்தராஜுடைய மகன் பிரகாஷ் அமிர்தராஜ், அமெரிக்கக் குடிமகனாக இருந்தபடியே இந்தியாவுக்கு டேவிஸ் கோப்பையில் ஆடிவந்தார். இந்த அறிவிப்போடு அந்த வழி அடைபட்டது. இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெறுபவரின் குடியுரிமையை ஜப்பானியச் சட்டமும் பறித்துவிடும். ஆகவே இந்தியச் சட்டை அணிய வேண்டுமானால் பிறந்த நாட்டின் கடவுச்சீட்டை அவர் கைவிட்டாக வேண்டும். அராத்தா அதைச் செய்தார். 2013-இல் இந்திய அணிக்குக் களமிறங்கினார். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. தேசிய அணியில் நீண்ட காலம் ஆட வாய்ப்பில்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தே கொடுத்த விலை என்பதால்தான் அந்த முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்த முடிவால் கிளப்புக்கும் ஓர் ஆதாயம் கிடைத்தது. இனி அவர் வெளிநாட்டு ஒதுக்கீட்டில் ஓர் இடத்தை எடுத்துக்கொள்ள மாட்டார். தேசிய லீக்கின் தொடர்ச்சியாக வந்த ஐ-லீக்கின் 2012-13 பருவத்தில் புனே இரண்டாம் இடம் பிடித்தது. பிறகு இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) கொல்கத்தா, புனே, கேரளா அணிகளுக்கு அவர் இந்திய வீரராகவே ஆடினார்.

ஆசிய வீரருக்கெனத் தனி இடம் ஒதுக்கும் விதி ஐ-லீக்குக்கு வந்தபோது ஜப்பானியருக்கு வழி அகலமானது. கட்சுமி யுசா முதலில் சேர்ந்தது ஓ.என்.ஜி.சி. அணியில். பொதுத்துறை நிறுவனத்தின் துறை அணி ஒன்றில் ஜப்பானியத் தொழில்முறை ஆட்டக்காரர்! பழைய அமைப்பும் புதிய அமைப்பும் சிறிது காலம் ஒரே சட்டைக்குள் இருந்தன. கிளப் உரிமத்துக்கான நிபந்தனைகளை நிறைவேற்றாததால் 2013-இல் ஓ.என்.ஜி.சி. ஐ-லீக்கிலிருந்து வெளியேற, கட்சுமி மோகன் பகானுக்குப் போனார். 2014-15-இல் அந்த அணி பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டம் வென்றபோது நடுக்களத்தில் ஓயாமல் ஓடியவர் அவர். பின்னர் அதன் கேப்டனாகவும் இருந்தார்.

2019-இல் கட்சுமி தமிழகத்துக்கு வந்தார். கோவை நேரு மைதானத்தைச் சொந்தக் களமாகக் கொண்ட சென்னை சிட்டி எஃப்.சி., அந்த ஆண்டு மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று ஐ-லீக் பட்டத்தைத் தட்டிச் சென்றிருந்தது. தமிழக அணி ஒன்றுக்குக் கிடைத்த முதல் தேசிய லீக் பட்டம் அது. அடுத்த பருவத்தில்தான் கட்சுமி அந்தச் சட்டையை அணிந்தார். 2020 மார்ச்சில் கொரோனா அந்த லீக்கைப் பாதியில் நிறுத்தியது. தமிழக ரசிகர்கள் அவரை இன்னும் சில காலம் பார்த்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்குண்டு.

2021-22 முதல் ஐ.எஸ்.எல். அணிகளும் ஆசிய வீரர் ஒருவரைச் சேர்ப்பது கட்டாயமானது. ஜாம்ஷெட்பூருக்கு ரெய் தாச்சிகாவா போன்றவர்கள் வந்தது அதன் பிறகுதான். ஆனால் இவர்களெல்லாம் ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்புகிறவர்கள். அராத்தா எடுத்த முடிவு வேறு வகை. ஓய்வுக்குப் பிறகும் ரிலையன்ஸ் அறக்கட்டளையின் இளையோர் அகாடமியில் இந்தியச் சிறுவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பணியைத்தான் அவர் ஏற்றார்.

இந்தக் குடியுரிமைச் சிக்கல் திருச்சிக்கு அந்நியமானதல்ல. சிங்கப்பூர் விமானத்தில் உறவினரை அனுப்பி வைக்காத தெருவை இங்கே காண்பது கடினம். ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் பேரப்பிள்ளைகளிடம் ஓ.சி.ஐ. அட்டை உள்ள வீடுகள் இருக்கின்றன. அந்த அட்டை விசா இல்லாமல் பாட்டி வீட்டுக்கு வர உதவும். இந்திய அணியில் ஆட உதவாது. அந்தப் பிள்ளைகளில் ஒருவர் இந்தியாவுக்கு ஆட விரும்பினால் அராத்தா போன வழியைத் தவிர வேறு வழியில்லை. ஆஸ்திரேலியாவில் பிறந்து பெங்களூரு எஃப்.சி.-க்கு ஆடும் ரையன் வில்லியம்ஸ், தாய்வழி இந்திய வேர் உள்ளவர். அவர் ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டைத் துறந்து இந்திய அணியின் முகாமுக்கு அழைக்கப்பட்டது 2025 நவம்பரில்.