தறியும் ஊசியும்



நெசவாளர் குடியிற் பிறந்த இளைஞரோ மகளிரோ தையற்றொழில் கற்கப் புகுங்கால், "தறியினின்று இறங்கிய ஆடையிற் கத்தரி வைத்தல் நமக்குத் தகுமோ? அளவெடுத்துத் தைத்து உடுத்தல் அயலார் கொணர்ந்த வழக்கமன்றோ?" என்று முதியோர் சிலர் கடிந்துரைக்கக் கேட்டிருக்கின்றோம். இக்கூற்று மெய்யாமோ என ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் சொற்களை நோக்குவோம். அறுக்கப்படுவது அறுவை, துணிக்கப்படுவது துணி, கூறுபடுவது கூறை, துண்டிக்கப்படுவது துண்டு. ஆடைக்குரிய இப்பெயர்கள் யாவும் வெட்டுதலினின்று பிறந்தன. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் சங்கப் புலவர் பெயரிலும் இச்சொல் நிலைபெற்றுள்ளது. வெட்டு ஆடைக்குப் பகையன்று என்பதற்கு நம் மொழியே சான்று.

தையலின் பழம்பெயர் துன்னம் என்பது. பொருநராற்றுப்படையில் வறிய பொருநனது கந்தை வேற்று நூலால் துன்னப்பெற்றதாகக் கூறப்படுகின்றது. அது வறுமையை மறைத்த தையல். முல்லைப்பாட்டோ, பாசறையிற் காவல் புரிந்த யவனர் அணிந்த சட்டையை மெய்ப்பை என்கின்றது. அணிந்தவர் அயலாரேயாயினும், மெய்யைத் தன்னுள் அடக்கும் பை எனப் பொருந்தப் பெயரிட்டது தமிழேயாம். சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்திற் பட்டும் பருத்தியும் கொண்டு வினைசெய்த காருகரைக் கூறி, அப்பாக்கத்திலேயே துன்னகாரரையும் வைத்து எண்ணுகின்றது. தறியும் ஊசியும் அன்றே அண்டை வீட்டாராய் வாழ்ந்தன.

கல்வெட்டும் இதனை வலியுறுத்தும். நம் அரியலூர்ப் பகுதியிற் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய இராசேந்திரனுக்குத் தந்தையாகிய முதலாம் இராசராசன், தஞ்சைப் பெருங்கோயிற் பணியாளரைப் பொறித்த கல்வெட்டில், ஆடல்மகளிர் 400 பேரோடு தையான், இரத்தினத் தையான் என்போரும் நெற்பங்கு பெற்றவராய்க் காணப்படுகின்றனர். தையற்றொழில் இழிவாயின் பெருவேந்தன் கோயிற் சுவரில் இடம்பெறுமோ?

பொத்தான், இஸ்திரி என்பன போர்த்துக்கேசியர் மொழியினின்று வந்த சொற்கள். தையற்பொறியும் 19ஆம் நூற்றாண்டில் மேலைநாட்டிலிருந்து வந்ததே. இதனை யாம் மறுக்கின்றிலேம். வந்தவை கருவியும் சில ஆடை வடிவங்களுமே. தொழிலோ முன்னரே ஈண்டு இருந்தது. எந்திரப் பெருக்கத்தை ஐயுற்ற காந்தியடிகளும் 1924ஆம் ஆண்டில் தையற்பொறியை விலக்காக எடுத்துக் கூறினார்.

இனி, இவ்வாராய்ச்சியாற் பயன் யாதெனின், கூறுதும். பெரம்பலூர்க் கரிசலிற் பருத்தி விளைகின்றது. செயங்கொண்டம், உடையார்பாளையம் பக்கத்தில் நம்மவர் தறியிற் பட்டுச்சேலை நெய்கின்றனர். சேலையின் ஒரு தலைப்பில் ரவிக்கைக்குரிய துணியும் சேர்ந்தே நெய்யப்படுகின்றது. அதனை அறுத்துத் தையற்காரரிடம் தருகின்றோம். தோளும் கையும் இறுக்கமோ தொளதொளப்போ இன்றி அமையின் சேலை பொலிவுறும். அமையாவிடின் நெய்தவன் பல நாள் உழைத்த உழைப்பும் பொலிவிழக்கும். ஆதலின் தறியின் புகழை நிறைவு செய்வது ஊசியே.

இந்நாளிலோ ஆயத்த ஆடை மலிந்துவிட்டது. பலர்க்கும் பொதுவாய் வெட்டியது ஒருவர்க்கும் முற்றப் பொருந்துவதில்லை. அது பெருகப் பெருகத் துணி விற்கும் நெசவாளர், தைத்துத் தரும் தையற்காரர் ஆகிய இருவர் வாழ்வும் ஒருங்கே சுருங்கும். ஒருவர் வீழப் பிறர் வாழ்வார் என்பது இங்கில்லை.

ஆகவே விழாக்காலத்துக் கைத்தறித் துணி வாங்குமின். பருத்தித் துணி முதல் நனைப்பிற் சுருங்குமாதலின், நனைத்து உலர்த்திய பின்னரே அளவு கொடுமின். வளரும் பிள்ளைகட்கு உள்ளே துணி மிகுத்துவிடச் சொல்லின், மறு ஆண்டு பிரித்துப் பெரிதாக்கலாம். வாங்கிய சட்டை பெரிதாயின், எறியாது தையற்காரரிடம் தந்து பொருத்திக்கொள்ளுமின்.

நம் மகளொருத்தி தையற்பொறி வாங்கித் தர வேண்டுமெனின், குலத்தொழில் துறந்தாள் எனக் கடியாதீர். அவள் தறியை விட்டு அகன்றவள் அல்லள். தறி நிறுத்திய இடத்தினின்று தொடங்குபவள் ஆவாள்.