மணிமங்கலத்து ஏரியும் மாலுமிச் சான்றிதழும்

மணிமங்கலம் என்றதும் நம் வாசகர்கள் பலருக்கும் நினைவில் எழுவது ஒரு போர்க்களம். முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் இரண்டாம் புலிகேசியை வென்ற இடங்களாகப் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகியவற்றைக் கூரம் செப்பேடு அடுக்கிச் சொல்கிறது. ஆனால் சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் அவ்வூருக்குச் சென்றபோது, போரைப் பற்றிப் பேசியதைவிடப் படகுகளைப் பற்றிப் பேசியதே அதிகம். உடன் வந்த இளைய நண்பரே அதற்குக் காரணம்.

நண்பருக்கு ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை. இராஜகோபாலப் பெருமாள் கோயிலில் முதலாம் இராஜாதிராஜனின் கல்வெட்டைப் பார்க்கவே நாம் போயிருந்தோம். அம்மன்னனின் 29ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது. ஈழத்து அரசர்கள் முடியிழந்த செய்தியை அதன் மெய்க்கீர்த்தி விரித்துரைக்கிறது. நாம் அதை விளக்கிக்கொண்டிருக்கையில் நண்பர் இடைமறித்தார்: "அண்ணே, இவ்வளவு படையும் கடல் தாண்டிப் போயிருக்கு. கப்பல் ஓட்டினவங்களுக்கு லைசென்ஸ் யாரு குடுத்தாங்க?"

சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. ஆறு மாதமாகச் சென்னையில் பாய்மரப் படகு ஓட்டக் கற்று வருகிறாராம். தந்தையை ஒருநாள் கடலுக்கு அழைத்துச் செல்ல ஆசை. தந்தையோ, "உன்கிட்ட லைசென்ஸ் இருக்கா?" என்ற ஒரே கேள்வியில் நிற்கிறார். உரிமமின்றிச் சாலையில் இறக்க முடியாத வண்டிகளை நாள்தோறும் செய்பவர் நண்பர். அவருக்கே இக்கேள்விக்கு விடை தெரியவில்லை. நாமும் அன்று சொல்ல இயலாமல் திரும்பினோம். பிறகு தேடியதில் கிடைத்தவையே இக்கட்டுரை.

இராஜாதிராஜனின் மெய்க்கீர்த்தியில் மன்னர்கள் வருகிறார்கள், மணிமுடிகள் வருகின்றன. மீகாமன் ஒருவனின் பெயர்கூட இல்லை. நரசிம்மவர்மனும் இலங்கை இளவரசன் மானவர்மனுக்கு அரசு பெற்றுத்தரப் படை அனுப்பியவனே. மகாவம்சம் அதைப் பதிந்திருக்கிறது. கலம் செலுத்தியவர்கள் அங்கும் பெயரற்றவர்களே. தந்தையிடமிருந்து மகன் காற்றையும் நீவாட்டையும் கற்றுக்கொண்ட காலம் அது. கொண்டலுக்கும் கச்சானுக்கும் வேறுபாடு அறியாதவனைக் கலத்தில் யாரும் ஏற்ற மாட்டார்கள். தேர்வு அவ்வளவுதான்.

படகுக்கு உரிமம் என்ற எண்ணம் நம் கரையில் அழுத்தமாகப் பதிந்தது சென்னையின் அலைவாயில். துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளே ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தன. ஆணியடித்த ஐரோப்பியப் படகு அந்த அலையில் மோதி உடையும்; தைத்த படகு நெளிந்து கொடுக்கும். துணைக்குக் கட்டுமரக்காரர்கள் வருவார்கள். படகு கவிழ்ந்தால் விழுந்தவர்களை மீட்பது அவர்கள் வேலை. உயிர் காத்தவர்களுக்கு அரசு பதக்கமும் தந்ததுண்டு. வெள்ளைக்காரப் பயணியின் உயிரும் கும்பினியின் சரக்கும் இந்தப் படகோட்டிகளின் கையில் இருந்தன. எனவே படகுக்கு எண், உரிமம், இன்ன தொலைவுக்கு இன்ன கூலி என்றெல்லாம் விதிகள் வந்தன. பயணிகளின் நலன் கருதி என்றார்கள். படகோட்டிகள் அதிகக் கூலி கேட்டுவிடக் கூடாதே என்ற கவலையும் அதில் கலந்திருந்தது என்பதே நம் எண்ணம்.

இவ்வழக்கத்தின் தெளிவான வடிவம் 1908ஆம் ஆண்டின் இந்தியத் துறைமுகச் சட்டத்தில் இருக்கிறது. துறைமுகங்களில் கூலிக்கு ஓடும் கட்டுமரங்களுக்கு உரிமம் வழங்க விதி செய்யலாம் என்கிறது அதன் ஆறாம் பிரிவு. பிற படகுகளுக்கோ, கூலிக்கு ஓடினாலும் ஓடாவிட்டாலும் விதி செய்யலாம். அவற்றின் ஆட்களுக்கும் அப்படியே. மீனுக்குப் போகும் கட்டுமரத்தைச் சட்டம் தொடவில்லை. அதே மரம் ஒருவனை ஏற்றிக் காசு வாங்கினால் சட்டம் விழித்துக்கொள்கிறது. 'கட்டுமரம்' என்ற நம் சொல் ஆங்கிலச் சட்ட வாசகத்தில் இப்படி ஏறி அமர்ந்திருப்பதைக் கண்டு நமக்கு ஒரு மகிழ்ச்சி. 1697இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயண நூலிலேயே அச்சொல் வந்துவிட்டது. பின்னாளில் மேலைநாட்டார் அதை இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். நம் கட்டுமரத்துக்கு உடலே இல்லை, சேர்த்துக் கட்டிய மரங்கள் மட்டுந்தான்.

உல்லாசத்துக்குப் படகு விட்டவர்களின் கதை வேறு. மணிமங்கலத்தைச் சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீரைத் தலைநீராகக் கொண்டது அடையாறு. அதே ஆறு கடலை நெருங்கும் இடத்தில் துடுப்பு வலிப்பது, 1867இல் தோன்றிய மெட்ராஸ் போட் கிளப். பாய்மரத்துக்கென ஒரு சங்கத்தை 1911இல் தொடங்கியவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். இராயல் மெட்ராஸ் யாட் கிளப் என்று பெயர் பெற்ற சங்கம் அது. கணிதமேதை இராமானுஜனுக்கு 1912இல் எழுத்தர் வேலை கிடைத்த துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவர் இவரேதான். சென்னையில் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்ட கார், எம்.சி. 1, இவருடையது என்பர். காருக்கு எண் பலகை மாட்டிக்கொண்ட அதே மனிதர் பாய்மரம் விரித்தபோது, அவருக்குச் சுக்கான் பிடிக்கத் தெரியுமா என்று எந்தச் சட்டமும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தாலும் துறைமுகத்தின் தலைவரிடமே அல்லவா கேட்க வேண்டும்!

விடுதலைக்குப் பிறகு வந்தது 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம். நண்பரின் கேள்விக்கு நேரான விடை அதன் சொல் விளக்கத்தில்தான் ஒளிந்திருந்தது. பாய்மரக் கலம் என்பதில் துடுப்புப் படகும் தோணியும் அடங்கும். ஆனால் கேளிக்கைப் படகு அடங்காது. கலத்துக்குப் பொறுப்பாளனைத் 'திண்டல்' என்கிறது சட்டம். தூத்துக்குடித் தோணிக்காரர்கள் 'தண்டல்' என்பார்களே, அதே சொல்தான். உப்பும் ஓடும் ஏற்றிக் கொழும்புக்குப் போன தண்டலைச் சட்டம் தன் ஏட்டில் எழுதிக்கொண்டது. விடுமுறை நாளில் பாய் விரித்தவரை 'நீங்கள் போகலாம்' என்று விட்டுவிட்டது. உள்நாட்டு நீர்நிலைகளுக்கான 1917ஆம் ஆண்டுச் சட்டமும் இயந்திரப் படகுகளைப் பற்றியதே. பாயும் துடுப்பும் அதன் கண்ணில் படவில்லை.

இது நம் நாட்டு விந்தை மட்டுமன்று. பிரிட்டனில் சொந்தப் படகில் கடலுக்குப் போகிறவருக்கு இன்றும் கட்டாய உரிமம் கிடையாது. அங்குப் பெயர்பெற்ற பாய்மரச் சான்றிதழ்கள் எல்லாம் விருப்பத்தின் பேரில் பெறுபவை. விக்டோரியா காலத்துச் செல்வர் தாமஸ் பிராசி, 'சன்பீம்' என்ற தம் சொந்தக் கலத்தில் 1876இல் புறப்பட்டு உலகைச் சுற்றினார். தேவையில்லாதபோதும் கப்பல் தலைவருக்கான அரசுத் தேர்வை எழுதித் தேறியவர் அவர். அமெரிக்காவில் 1910ஆம் ஆண்டின் மோட்டார் படகுச் சட்டம் கூலிக்குப் பயணிகளை ஏற்றும் படகை ஓட்டுபவருக்கு உரிமம் வேண்டும் என்றது. இன்றும் அந்நாட்டுக் கடலோரக் காவற்படை கேப்டன் உரிமம் கேட்பது பயணி காசு கொடுக்கும்போதுதான். பாய்மரத்துக்கான கூடுதல் மேற்குறிப்பும் அவ்வுரிமத்தின் மேல் ஏறுவதே. சொந்தப் படகில் நண்பர்களோடு போகிறவருக்கு நடுவண் அரசின் உரிமம் தேவையில்லை. ஜெர்மனியில் இயந்திரத்தின் குதிரைத்திறன் 15ஐத் தாண்டும்போது உரிமம் கட்டாயமாகிறது. வெறும் பாய் என்றால் கடலில் விட்டுவிடுகிறார்கள்.

ஆக, சட்டம் பல நூற்றாண்டுகளாகக் கேட்டுவந்த கேள்வி 'உனக்குக் கடல் தெரியுமா?' என்பதன்று. 'யாரிடம் காசு வாங்குகிறாய்?' என்பதே. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. காசு கொடுத்து ஏறுபவன் ஓட்டுபவனை அறியான். அவனுக்காக அரசு விசாரித்து வைக்க வேண்டும். அந்த விசாரணை எவ்வளவு தேவை என்பதைத் தேக்கடி 2009இல் 45 உயிர்களைக் கொண்டு சொன்னது. 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காடு ஏரியில் உல்லாசப் பயணப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.

சட்டங்கள் இப்போது மாறிவருகின்றன. 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இயந்திரமில்லாப் படகுகளையும் பார்க்கத் தொடங்கி, ஊராட்சி அளவில்கூட அவற்றைப் பதிவு செய்ய வழி வகுத்திருக்கிறது. 1908, 1958ஆம் ஆண்டுச் சட்டங்களின் இடத்தில் 2025இல் புதிய துறைமுகச் சட்டமும் வணிகக் கப்பல் சட்டமும் இயற்றப்பட்டன. பின்னதன் விரிந்த வரையறைக்குள் கேளிக்கைப் படகும் வருகிறது. வரையறைக்குள் வருவது ஒன்று. ஓட்டுபவரைத் தேர்வுக்கு அழைப்பது வேறொன்று.

இவற்றையெல்லாம் தொகுத்துக்கொண்டு நண்பரின் வீட்டுக்குச் சென்றோம். முடிச்சூரில் இருக்கிறது வீடு. மணிமங்கலத்துத் தண்ணீர் வடியும் வழி. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது அப்பகுதியில் தரைத்தளங்கள் மூழ்கின. கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக் கொண்டுவந்து தெருத்தெருவாக மக்களை மீட்டார்கள். நண்பரின் தந்தை மாடியிலிருந்து இறங்கியதும் அத்தகைய ஒரு பைபர் படகில்தான்.

நாம் சட்டத்தை விளக்கினோம். கூலி வாங்காதவரை மகனுக்குக் கேப்டன் உரிமம் ஏதும் தேவைப்படாது. துறைமுக எல்லைக்குள் போனால் அங்குள்ள விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும், அவ்வளவே என்றோம். பெரியவர் பொறுமையாகக் கேட்டார். "அப்போ நான் டிக்கெட் வாங்கி ஏறினா என் உசுருக்கு சர்க்கார் பொறுப்பு. அப்பனா ஏறினா இல்லை. அப்படித்தானே?" என்றார்.

வெள்ளத்தில் ஏறிய படகுக்கு உரிமம் கேட்டீர்களா என்று நாம் மெல்ல வினவினோம்.

"அந்தப் பையன் கையைப் பார்த்தேன் சார். கயிறு பிடிச்சுப் பிடிச்சுக் காய்ச்சுப் போயிருந்தது. இவன் கையைப் பாருங்க" என்றார்.

நண்பர் கையை மடக்கிக்கொண்டார். சட்டம் கேட்காவிட்டாலும் தாம் கேட்பதாகப் பெரியவர் முடிவாகச் சொல்லிவிட்டதால், விருப்பத்தின் பேரில் எழுதும் பாய்மரத் தேர்வு ஒன்றுக்கு நண்பர் இப்போது பணம் கட்டியிருக்கிறார். அடுத்த மாதம் தேர்வு.