உயிர்மருத்துவ ஆய்வு: கட்டணமற்ற இணையவழிப் பாடநெறி

நீலகிரி மாவட்டத்தின் கட்டபெட்டு போன்ற மலைப்பகுதிகளில் பணிபுரியும் மருத்துவர்களும் அறிவியலாளர்களும் பணியிடத்திலிருந்தே ஆய்வு முறைகளைப் பயிலலாம்.

வழங்கும் நிறுவனம்
இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின்கீழ் சென்னையில் இயங்கும் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம், ‘சுகாதார ஆய்வின் அடிப்படைகள்’ என்னும் ஆங்கிலவழிப் பாடநெறியை என்பிடெல் தளத்தில் வழங்குகிறது.

கட்டணம்
பதிவு செய்யவும் பாடங்களைக் காணவும் கட்டணம் இல்லை. சான்றிதழ் பெற விரும்புவோர் தேர்வுக் கட்டணம் செலுத்தி, ஒதுக்கப்படும் மையத்தில் நேரில் தேர்வெழுத வேண்டும்.

பாடப்பொருள்
ஆய்வு வினாவை வகுத்தல், ஆய்வை வடிவமைத்தல், மாதிரி அளவைக் கணித்தல், ஆய்வுத் திட்டம் எழுதுதல், ஆய்வு அறநெறி ஆகியவை கற்பிக்கப்படுகின்றன.

ஏன் தேவை?
நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் செல் இரத்தசோகை காணப்படுகிறது. மருத்துவமனைக்கு வருவோரை மட்டும் கணக்கிட்டால் அதன் உண்மையான பரவல் புலப்படாது. நோய்க்கூறு இருந்தும் அறிகுறியற்றோர் விடுபடுவர். பிழையான கணக்கு, சிகிச்சை சேரவேண்டிய ஊர்களைத் தவறவிடச் செய்யும். இத்தகைய பிழைகளை முன்கூட்டியே தவிர்க்க இப்பயிற்சி உதவும்.

கவனத்திற்கு
சான்றிதழ் என்பது ஆய்வு நடத்துவதற்கான அனுமதி அன்று. அறநெறிக் குழுவின் ஒப்புதலும், பங்கேற்பாளருக்குப் புரியும் மொழியில் விளக்கிப் பெறும் இசைவும் இன்றியமையாதவை. மருந்துப் பரிசோதனைகளை, முதல் பங்கேற்பாளரைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவு செய்வது 2009 ஜூன் 15 முதல் கட்டாயமாகும்.