பழைய லொறியின் என்ஜின் அறைக்கு என்ன நிறம்?

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பிரதான வீதியில், மூக்கு நீண்ட பழைய பெட்போர்ட் லொறிகளை இப்போதும் இடைக்கிடை காணலாம். அறுவடைக் காலத்தில் நெல் மூடை, மற்ற நாட்களில் மணலோ செங்கலோ ஏற்றிக்கொண்டு போகும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அந்த இடைவெளியில், பழைய இரும்புக்குப் போகவிருந்த லொறிகள் சில திரும்பவும் கராஜுக்கு வந்தன.

அப்படி வந்த லொறிக்கு வெளியே என்ன நிறம் அடிப்பது என்று குடும்பமே கூடிப் பேசும். பொனட்டுக்குள் என்ன அடிப்பது என்று கேட்டால், மிஞ்சிய பெயின்ட்டை அடித்துவிடுங்கள் என்பார்கள். இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் கறுப்பு. இந்தக் கட்டுரை அந்த உட்பக்கத்தைப் பற்றியது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கத்துக் கராஜ்களில் கேட்டறிந்ததையும், வாசித்து ஒப்பிட்டுப் பார்த்ததையும் வைத்து எழுதுகிறேன். கண்ணுக்கு அழகாக இருந்தால் போதும் என்று நிறம் தெரிவுசெய்பவர், இந்தக் கடற்கரையில் இரண்டு மழைக்காலத்துக்குள் அதே வேலையை மறுபடி செய்வார். அதைவிடப் பெரிய நட்டம் ஒன்றும் உண்டு. அதிலிருந்து தொடங்குகிறேன்.

இலக்கம் பெயின்ட்டுக்குள் புதையக்கூடாது

என்ஜின் இலக்கமும் செசி இலக்கமும் இரும்பில் அடிக்கப்பட்டவை. நாங்கள் 'புத்தகம்' என்று சொல்லும் பதிவுச் சான்றிதழில் இந்த இரண்டும் இருக்கும். வாகனத்தை விற்கும்போதும் பெயர் மாற்றும்போதும், இரும்பில் இருப்பதும் கடதாசியில் இருப்பதும் ஒன்றா என்றுதான் பார்க்கப்படும். சோதனைச்சாவடியில் பொனட்டைத் திறக்கச் சொல்லி, டோர்ச் அடித்து, இலக்கத்தைப் புத்தகத்தோடு ஒப்பிட்ட காலம் எங்களில் பலருக்கு மறக்கவில்லை. வாசிக்க முடியாத ஓர் இலக்கத்துக்காக ஒரு நாள் முழுவதும் வெயிலில் நிற்க நேர்ந்த சாரதிகள் உண்டு.

2004 டிசம்பர் 26இல் இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோரம் முழுக்க வீட்டோடு கடதாசிகளும் கடலுக்குள் போயின. 2009இல் முள்ளிவாய்க்கால் பக்கம் கைவிடப்பட்ட வாகனங்களின் நிலையும் இதுதான். இலக்கத் தகடு எரியும், பெயின்ட் எரியும், புத்தகம் எரியும். வார்ப்பிரும்பில் அடித்த இலக்கம் மிஞ்சும். இந்த லொறி என்னுடையது என்று சொல்ல ஒருவருக்குக் கடைசியாக இருக்கும் சாட்சி சில வேளைகளில் அது மட்டும்தான்.

ஆகவே பெயின்ட் வேலைக்கு முன்னால் இலக்கம் இருக்கும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். மண்ணெண்ணெய் தொட்ட பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் துடையுங்கள். கிரைண்டரோ வயர் வீலோ மணல் பீச்சும் இயந்திரமோ அந்த இடத்தை நெருங்கக்கூடாது. அராவிய அடையாளம் இருந்தால், யாரோ இலக்கத்தை மாற்றியிருக்கிறார்கள் என்ற சந்தேகம்தான் வரும். தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். மேலே கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதியும் எடுங்கள். பிறகு ஸ்பிரே முடியும்வரை அந்த இடத்தை மாஸ்கிங் டேப்பால் மூடிவையுங்கள். வேலை முடிந்ததும் மெல்லிய கிறீஸோ மெழுகோ பூசினால் கறள் பிடிக்காது.

என்ஜின் மாற்றிய லொறி என்றால் இன்னும் கவனம் வேண்டும். பெற்றோல் என்ஜினைக் கழற்றிவிட்டு ஜப்பான் டீசல் என்ஜின் பூட்டிய பழைய லொறிகள் இங்கே இருக்கின்றன. மாற்றிய என்ஜினின் இலக்கம் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகு பெயின்ட் கடைக்குப் போவது நல்லது. வெளி நிறமும் பதிவில் உள்ள விடயம்தான். அதை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்.

இலக்கத் தகட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வயதுடைய லொறிகளில் பலவற்றில் சிங்கள ஸ்ரீ எழுத்து இருக்கும். 1958இல் தமிழரசுக் கட்சி அந்த எழுத்தை அழித்துத் தமிழ் ஸ்ரீயை எழுதிப் போராடியது. தெற்கில் பெயர்ப்பலகைகளின் தமிழ் எழுத்துகளுக்குத் தார் பூசினார்கள். அந்த வருடம் கல்முனை இன்னும் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். பழைய லொறியைத் திருத்துபவர் அந்தத் தகட்டை விரும்பலாம், விரும்பாமலும் விடலாம். ஆனால் அதில் உள்ளபடியே வைத்திருப்பதுதான் சட்டம்.

முதலில் இருந்த நிறம்

அசல் நிறத்தைக் கண்டுபிடிப்பது நினைப்பதைவிட இலகுவானது. டைனமோ பிராக்கெட்டைக் கழற்றுங்கள். என்ஜின் மவுன்ட்டின் பின்பக்கத்தையும், இலக்கத் தகடு ரிவெட் அடித்த இடத்தின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். பின்னால் வந்த பெயின்ட் அங்கே போய்ச் சேர்ந்திருக்காது. ஈரமான 800 இலக்க சாண்ட் பேப்பரால் ஒரு சதத் துண்டளவு இடத்தை வட்டமாகத் தேய்த்தால், படை படையாக நிறங்கள் தெரியும். மரத்தின் வளையங்களைப் போல அவற்றை எண்ணிவிடலாம். அடியில் பிரைமருக்கு மேலே இருப்பதுதான் தொழிற்சாலை நிறம்.

தொழிற்சாலைகள் என்ஜினுக்கு நிறம் அடித்தது கறளைத் தடுக்க மட்டுமல்ல. நிறம் ஓர் அடையாளமாகவும் இருந்தது. மொரிஸ் மைனரின் என்ஜின் ஒருவித நடுத்தரப் பச்சை. பிஎம்சி பச்சை என்று இன்றும் அந்தப் பெயரிலேயே பெயின்ட் விற்கிறார்கள். எங்கள் வயல்களுக்குப் பழக்கமான பெர்குசன் உழவு இயந்திரத்தில் 1946இன் டிஈ 20 முழுக்கச் சாம்பல். 1956இல் வந்த எப்ஈ 35இல் தகடு சாம்பல், என்ஜின் செப்பு நிறம். அடுத்த வருடக் கடைசியில் தகடு சிவப்பானது, என்ஜின் சாம்பலானது. விடயம் தெரிந்தவர், பொனட்டுக்குள் இருக்கும் நிறத்தைப் பார்த்தே வருடத்தைச் சொல்லிவிடுவார்.

ஜப்பான் என்ஜின் ஏறிய பெட்போர்ட்டுக்கு பெட்போர்ட் நிறத்தை அடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த என்ஜினுக்கு அதன் சொந்த நிறத்தையே அடிக்கலாம், அல்லது வெறும் சாம்பலை அடிக்கலாம். தேய்த்துப் பார்த்த அந்தச் சிறு வட்டத்தை பிராக்கெட்டுக்கு அடியில் அப்படியே விட்டுவிடும்படியும் சொல்வேன். அடுத்ததாக அந்த லொறியைத் திறப்பவருக்கு அது உதவும்.

உப்பும் மண்ணெண்ணெயும்

இந்தக் கரையில் பெயின்ட் உரிவதற்குப் பெரும்பாலும் பெயின்ட் காரணமில்லை. அடியில் தங்கிய உப்புத்தான் காரணம். உப்பு ஈரத்தை இழுக்கும், இழுத்த ஈரம் பெயின்ட்டுக்கு அடியில் கொப்புளமாக எழும்பும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பிலும் சிறு குழிகளுக்குள் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று தடவை கழுவி, காற்றடித்து, உடனே காயவைக்க வேண்டும். கரையோரக் கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் குழாய் நீரையே பாவியுங்கள். கழுவிய அன்றே பிரைமர் ஏறவேண்டும். ஓர் இரவு விட்டால் காலையில் மஞ்சள் கறள் படிந்திருக்கும்.

கடையில் பிரைமர் என்று கேட்டால் முதலில் எடுத்துத் தருவது ரெட் ஒக்சைட். கூரைக் கம்பிக்கு அது போதும். ஆனால் சாதாரண ரெட் ஒக்சைட் நுண்துளை உள்ளது, மேலே பெயின்ட் ஏறும்வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். செசிக்கும் என்ஜின் அறைத் தகட்டுக்கும் இரண்டு பொருளைக் கலந்து அடிக்கும் எபொக்சி பிரைமர்தான் இந்தக் காற்றுக்குப் பொருத்தம். விலை கூடத்தான். மற்ற எதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்காதீர்கள்.

வடக்கிலிருந்து வாங்கிய வாகனம் என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒஸ்டினும் மொரிஸும் மண்ணெண்ணெயில் ஓடின. கபுரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோலை ஊற்றி ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். முழுதாக எரியாத எண்ணெயும் கரியும் அப்படி ஓடிய என்ஜினின் ஒவ்வொரு மூலையிலும் ஊறியிருக்கும். சரியாகத் துடைக்காமல் மேலே அடித்தால் மீன் கண்போலச் சிறு வட்டங்கள் விழும், பெயின்ட் அங்கே ஒட்டாது. சூடான சவர்க்காரத் தூள் நீரால் கழுவி, காயவைத்து, பிறகு தின்னர் தொட்ட சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். துணியை அடிக்கடி மாற்றுங்கள். கோஸ்டிக் சோடா பாவிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. இரும்புக்குப் பரவாயில்லை, கபுரேட்டர் போன்ற அலுமினியப் பாகங்களை அது தின்றுவிடும்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பாமல் நனைத்துத் தேய்ப்பதுதான் பாதுகாப்பு. பழைய கேஸ்கெட், கிளச், பிரேக் லைனிங் போன்றவற்றில் அஸ்பெஸ்டஸ் இருக்க இடமுண்டு, அவற்றைக் காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள். கராஜ்களில் வேலை பழகும் பையன்கள் வாயில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு டூ-கே பெயின்ட் ஸ்பிரே செய்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். அதன் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் ஒரு தடவை ஒத்துவராமல் போனால், ஆயுள் முழுக்க மூச்சிரைப்பு வரலாம். அதைத் துணி தடுக்காது.

சூடு

என்ஜின் பிளாக்கும் ஹெட்டும் ஏறக்குறைய 80 முதல் 100 பாகை வரைதான் சூடாகும். 250 பாகை தாங்கும் என்ஜின் எனாமல் அதற்குத் தாராளம். வீட்டுக் கதவுக்கு அடிக்கும் எனாமல் முதலில் மஞ்சளாகும், பிறகு வெடிக்கும். எக்ஸோஸ்ட் மெனிபோல்ட் வேறு கதை. பாரம் ஏற்றி மேடு ஏறும்போது அதன் சூடு பல நூறு பாகையைத் தாண்டும். 600 பாகைக்கு மேல் தாங்கும் சிலிக்கோன் பெயின்ட் மட்டுமே அங்கே நிற்கும், அதுவும் வெறும் இரும்பில் நேராக அடித்தால். அடியில் சாதாரண பிரைமர் இருந்தால் அது எரிந்து மேலே இருப்பதையும் உரித்துவிடும். அந்தப் பெயின்ட் இறுகுவதற்கும் சூடு வேண்டும். பத்து நிமிடம் என்ஜினை ஓடவிட்டு ஆறவிடுங்கள், பிறகு இருபது நிமிடம் ஓடவிட்டு ஆறவிடுங்கள். முதல் தடவை புகை வரும், பயப்பட வேண்டாம்.

ரேடியேட்டருக்கு மெல்லிய மங்கல் கறுப்பு, ஒரே ஒரு கோட். தடிப்பாக அடித்த பெயின்ட் போர்வையைப் போலச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அப்படியானால் எந்த நிறம்?

என் தெரிவு இளஞ்சாம்பல், பாதிப் பளபளப்பு. காரணம் எளிது. கறுப்பில் எண்ணெய்க் கசிவு தெரியாது, வெடிப்பும் தெரியாது. இளஞ்சாம்பலில் ஒரு துளி எண்ணெய் கசிந்தாலும் அன்றே கண்ணில் படும். கூலிக்கு ஓடும் லொறிக்கு அந்த ஒரு நாள் பெரிது. கேஸ்கெட் மாற்றுவதோடு முடியவேண்டிய வேலை என்ஜின் இறக்கும் வேலையாகிவிடும். வெள்ளை இன்னும் தெளிவாகக் காட்டும், ஆனால் சூட்டில் பழுப்பாகிவிடும். முழு மங்கல் நிறம் படத்துக்கு அழகு, எண்ணெயும் தூசியும் அதில் ஒட்டினால் துடைக்க வராது.

செசிக்குக் கறுப்பே நல்லது. என்ஜின் அறைத் தகடுகளுக்கு வெளி நிறத்தையே உள்ளேயும் கொண்டுபோகலாம்.

குரோம் வேண்டாம். வால்வ் மூடிக்குக் குரோம் முலாம் பூசி மின்னவைப்பது கொழும்பில் ஏசி அறையில் நிற்கும் வாகனத்துக்குச் சரி. முலாமில் உள்ள நுண்துளைகள் வழியாக உப்பு உள்ளே போய்ப் புள்ளி புள்ளியாகக் கறளைக் கிளப்பும். நட்டு, போல்ட்டுகளுக்கு சிங்க் முலாம் போதும்.

இராணுவப் பச்சை சில நேரம் மலிவாகக் கிடைக்கும். கல்முனையில் ஒரு கராஜ் காக்கா அந்த நிறத்தைத் தன் கடையில் வைப்பதே இல்லை. ஏன் என்று கேட்டேன். சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டார்.

பெயின்ட் படக்கூடாத இடங்களும் உண்டு. பற்றரியின் எர்த் வயர் செசியில் பூட்டும் இடம் வெறும் இரும்பாக இருக்க வேண்டும், பூட்டிய பிறகு மேலே கிறீஸ் பூசலாம். புது பெயின்ட் அடித்ததும் ஸ்டார்ட்டர் சோர்ந்துபோய்ச் சுற்றினால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். பெல்ட் ஓடும் பள்ளம், இறப்பர் குழாய், வயர், எண்ணெய் மூடியின் மூச்சுத் துளை ஆகியவற்றையும் மூடிவிட்டு அடியுங்கள்.

காலமும் முக்கியம். நொவெம்பரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்றும் மழையுமாக இருக்கும்போது என்சி பெயின்ட் அடித்தால், ஈரம் படிந்து வெண்மையாகப் பூத்துவிடும். மெதுவாகக் காயும் தின்னர் ஓரளவு உதவும். பெப்ரவரிக்குப் பிறகு, காலை ஈரம் காய்ந்த பின் ஒன்பது மணிக்குத் தொடங்கி, பின்னேரம் கடற்காற்று உப்பைக் கொண்டுவருவதற்குள் முடிக்கப் பார்ப்பார்கள் எங்கள் ஊர்ப் பெயின்ட் பாஸ்மார்.

மிஞ்சிய பெயின்ட்டை ஒரு சிறு போத்தலில் இறுக மூடி, நிற இலக்கத்தையும் திகதியையும் எழுதி ஒட்டி, ஆசனத்துக்குக் கீழே வையுங்கள். முதல் மாதத்தில் ஸ்பேனர் பட்டு எப்படியும் இரண்டு மூன்று இடம் பெயரும். பெயர்ந்த இடத்தில் உப்பு ஏறுவதற்கு முன் அன்றைக்கே ஒரு பிரஷ்ஷால் தொட்டுவிடுங்கள்.