நள்ளிரவில் விற்பனைக்கு வந்த நான்காவது நூல்

ஏழு நூல்களைக் கொண்ட ஹரி பொட்டர் கதைவரிசையின் நடுவில் நிற்கும் நான்காவது நூல், 'ஹரி பொட்டர் அன்ட் த கொப்லட் ஒஃப் ஃபயர்', 2000 ஜூலை 8 நள்ளிரவில் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ஒரே நாளில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் மாத்திரம் முதற்பதிப்பு 38 இலட்சம் பிரதிகள். மூன்று வருடங்களுக்கு முன்னர் 1997 ஜூனில் ஜே.கே.றோலிங்கின் முதலாவது நூல் லண்டனில் வெளியானபோது அச்சிடப்பட்டவை வெறும் 500 பிரதிகளே.

ஒரே நாளில் வெளியிட்டதற்குக் காரணம் இருந்தது. இரண்டாவது நூல் பிரித்தானியாவில் 1998 ஜூலையில் வந்துவிட்டது. அமெரிக்காவிலோ அடுத்த வருடம் ஜூனில்தான் வந்தது. அதுவரை பொறுத்திருக்க மனமில்லாத அமெரிக்க வாசகர்கள் இணையத்தின் ஊடாக லண்டனிலிருந்து பிரதிகளைத் தருவித்துக்கொண்டார்கள். அத்திலாந்திக் சமுத்திரத்தை வேலியாக நம்பியிருந்த பதிப்புலகத்துக்கு அது ஒரு பாடம். மூன்றாவது நூலை 1999 ஜூலை 8 பிற்பகல் 3.45 மணிக்கு முன்னர் விற்கவேண்டாம் என்று பிரித்தானியப் பதிப்பகம் கேட்டுக்கொண்டதும் நினைவுக்கு வருகிறது. பிள்ளைகள் பாடசாலைக்குப் போகாமல் விட்டுவிடுவார்களே என்ற அச்சம்தான்!

ஆனால், பத்திரிகையாளன் என்ற வகையில் எனது கவனத்தை ஈர்த்தது வேறொரு விடயம். முதல் மூன்று நூல்களும் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் நாவல் விற்பனைப் பட்டியலின் உச்சியில் மாதக்கணக்காக அமர்ந்திருந்தன. தங்களது நாவல்களுக்கு இடமில்லை என்று ஏனைய பதிப்பாளர்கள் முறையிட்டனர். நான்காவது நூல் வந்த அதே மாதம், 23 ஆம் திகதி இதழிலிருந்து, சிறுவர் நூல்களுக்குத் தனிப்பட்டியல் ஒன்று ஆரம்பிக்கப்பட்டது. விற்பனைப் பட்டியல் என்பதும் செய்தியே. செய்தி அசௌகரியமானதாக இருக்கிறது என்பதற்காக அதை வேறு பக்கத்துக்கு மாற்றும் வழக்கம் எமது தொழிலில் புதியதல்ல.

விசித்திரம் என்னவென்றால், சிறுவர் பட்டியலுக்கு அனுப்பப்பட்ட அந்த 636 பக்க நூலில்தான் கதை சிறுவர் உலகத்தைக் கடந்தது. (அடுத்த வருடம் வளர்ந்தோருக்கான நாவல்களுடன் போட்டியிட்டு ஹியூகோ விருதையும் அது வென்றது.) பதினேழு வயது நிரம்பியவர்களுக்கு மாத்திரமான போட்டிக்குள் பதினான்கு வயது அநாதைச் சிறுவன் சூழ்ச்சியால் தள்ளப்படுகிறான். முடிவில் மயானமொன்றில் அவனது கண்ணெதிரே சக மாணவன் செட்ரிக் கொல்லப்படுகிறான். மந்திரக்கோலில் இருந்து வெளிப்படும் செட்ரிக்கின் நிழலுரு கேட்பது ஒன்றைத்தான்: தனது உடலைப் பெற்றோரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். உடலைக்கூடக் காணக்கிடைக்காத பெற்றோர்களைப் பற்றிய செய்திகளைப் பல வருடங்கள் செவ்வை பார்த்த எனக்கு, மகளின் பிரதியில் அந்தப் பக்கத்தைத் தாண்டிச்செல்வது இலகுவாக இருக்கவில்லை.

அதன் பின்னர் வருவதும் பழக்கமான காட்சிதான். கொலையாளி திரும்பிவந்துவிட்டான் என்பதை ஒப்புக்கொள்ள அமைச்சர் ஃபட்ஜ் மறுக்கிறார். கண்ணால் கண்ட சாட்சியான சிறுவனின் மனநிலை குறித்து, றீற்றா ஸ்கீற்றர் என்ற நிருபர் எழுதிய கதையைப் பத்திரிகையில் வாசித்துவிட்டு, அதையே அவர் ஆதாரமாகக் காட்டுகிறார். தவணை இறுதி விருந்தில் அதிபர் டம்பிள்டோர் எழுந்து, செட்ரிக்கைக் கொன்றது யார் என்பதை மாணவர்களுக்குச் சொல்கிறார். தான் அதைச் சொல்வதை அமைச்சு விரும்பவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்.