ஓரியின் குறியும் சிறுவரின் குறியும்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனும் கொல்லிமலைத் தலைவனுமாகிய ஓரியை ‘வல்வில் ஓரி’ என்றே தமிழுலகம் போற்றுகின்றது. அவன் எய்த ஓரம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவி, இறுதியிற் புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைத்ததாகப் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் பாடுகின்றார். இதனைக் கற்பிக்கும் நாம் வியப்போடு நின்றுவிடுகின்றோம். அத்தகைய குறி எவ்வாறு வாய்க்கும் என எண்ணுவதில்லை.

அதற்கு வழிகாட்டுவது அதே நூலின் 324ஆம் பாட்டு. அங்கே வேட்டுவச் சிறுவர் வளாரை வளைத்து வில்லாக்குகின்றனர்; ஊகம்புல்லின் மெல்லிய தண்டில் உடைமுள்ளைச் செறித்து அம்பாக்குகின்றனர்; பருத்தி வேலியிலுள்ள எலியைக் குறிபார்க்கின்றனர். இக்காலத்து வில்லிற் பொருத்தும் குறிநோக்குக் கருவி அவர்க்கில்லை, கண்ணே கருவி. இலக்கோ மிகச் சிறியது; நொடியில் ஓடி மறைவது. குறி தப்பினால் இழப்பது ஒரு முள்ளே. ஆதலின் மீண்டும் மீண்டும் எய்யலாம்.

இஃது ஓரியின் இளமைக் கதையன்று. ஆயினும் வில்லாண்மை முளைவிட்ட நிலத்தை நமக்குக் காட்டுகின்றது. பெருமையை மட்டும் காட்டிப் பயிற்சியை மறைத்தால், ‘இது நமக்கு எட்டாதது’ என்றே மாணவன் எண்ணுவான். ஓரியைக் கற்பிக்கும் நாளில் அச்சிறுவரையும் உடன் கற்பிப்போமாக!