பால்மரக் காட்டில் எரிந்த கார்பைட் விளக்கு



"இரசாயனமா? அதெல்லாம் நம்ம பிள்ளைகளுக்கு எங்கே வாத்தியாரே ஏறப் போகுது?" என்று சில பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இடைநிலைப் பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகளில் சிலர் விஞ்ஞானப் பிரிவைக் கண்டு ஒதுங்குவதற்கு இந்த நினைப்பும் ஒரு காரணம். ஆனால் இப்படிக் கேட்பவர்களின் தாத்தா பாட்டிமாரிலே பலர், விடியுமுன்னே ஓர் இரசாயனச் சோதனையை நெற்றியில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனவர்கள். அதுதான் கார்பைட் விளக்கு.

சிரம்பான், போர்ட்டிக்சன், பகாவ் என்று நம் நெகிரி செம்பிலான் முழுவதும் ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்த காலம். பால்மரத்தை இருட்டிலேயே சீவ வேண்டும். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழுக்கும். பட்டையிலுள்ள பால்குழாய்களில் அழுத்தம் குறையும். மங்கில் விழும் பாலும் குறையும். ஒரு கையில் உளி, தோளில் வாளி. விளக்கைப் பிடிக்க மூன்றாவது கை ஏது? எனவே விளக்கு நெற்றிக்கு ஏறியது.

அதன் அமைப்பு எளிமையானது. கீழ்ப் பாத்திரத்தில் சாம்பல் நிறக் கல் போன்ற கார்பைட். மேல் பாத்திரத்தில் தண்ணீர். திருகை லேசாகத் திருப்பினால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கீழே விழும். உடனே 'புஸ்' என்று வாயு கிளம்பும். ஒளியை முன்னே திருப்பும் பித்தளைத் தட்டின் நடுவேயுள்ள சிறு துளை வழியாக அது வெளியே வரும். நெருப்பு வைத்தால் வெள்ளை வெளேரென்று எரியும். வெளிச்சம் மங்கினால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும். இது படிக்காதவர்களுக்கும் கைப்பழக்கமாகத் தெரிந்த வித்தை.

இந்த வாயுவின் கதை 1836இல் அயர்லாந்தில் தொடங்குகிறது. எட்மண்ட் டேவி என்ற விஞ்ஞானி பொட்டாசியம் என்னும் உலோகத்தைப் பிரித்தெடுக்க முயன்றார். அதற்காக அவர் கரியோடு சேர்த்துக் காய்ச்சிய உப்பு, நம் சமையல் புளியின் புளிப்புக்குக் காரணமான அதே அமிலத்திலிருந்து வருவது. மிஞ்சிய கறுப்புப் பொருளில் தண்ணீர் பட்டதும் புதிய வாயு ஒன்று வந்தது. பிற்காலத்தில் அதற்கு அசிட்டிலீன் என்று பெயர் வந்தது. 1862இல் ஜெர்மானிய விஞ்ஞானி வோலர் கால்சியம் கார்பைடைச் செய்து, அதிலிருந்தும் இவ்வாயுவைப் பெற்றார். ஆயினும் அது சோதனைச் சாலைக்குள்ளேயே முடங்கிக் கிடந்தது.

1892இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் தாமஸ் வில்சன் என்பவர் மின்சார உலையில் சுண்ணாம்பையும் தாரையும் போட்டு உருக்கினார். அவர் தேடியது கால்சியம் உலோகம். கிடைத்ததோ கறுத்த கட்டி. தண்ணீரில் போட்டார், வாயு வந்தது. 'ஹைட்ரஜனாக இருக்கும்' என்று கொளுத்தினால் புகையும் கரியுமாக எரிந்தது! ஹைட்ரஜன் எரிந்தால் கரி எப்படி வரும்? அந்தக் கேள்விதான் ஒரு தொழிலையே பிறப்பித்தது. 1900இல் நியூயார்க்கின் பிரடெரிக் பால்ட்வின் கார்பைட் விளக்குக்குக் காப்புரிமை பெற்றார். சைக்கிளிலும் சுரங்கத்திலும் எரிந்த அவ்விளக்கு பிறகு நம் பால்மரக் காட்டுக்கும் வந்து சேர்ந்தது.

மாணவர்களே, இப்போது கணக்கைப் பாருங்கள். உப்பு என்றால் சமையல் உப்பு மட்டுமல்ல. கால்சியமும் கரியும் சேர்ந்த கார்பைடும் ஒருவகை உப்புதான். 64 கிராம் கார்பைடும் 36 கிராம் தண்ணீரும் சேர்ந்தால் 26 கிராம் அசிட்டிலீனும் 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பும் கிடைக்கும். கூட்டிப் பாருங்கள், அந்தப் பக்கம் நூறு, இந்தப் பக்கமும் நூறு! அந்த 26 கிராம் வாயுவில் 24 கிராம் வெறும் கரி. சுடரில் அந்தக் கரித்துகள்கள் பழுக்கக் காய்ந்து ஒளி விடுகின்றன. பிறகு பிராணவாயுவோடு கூடிக் கரியமில வாயுவாகின்றன. நம் அடுப்படி கேஸ் முன்னமே காற்றோடு கலந்து எரிவதால் நீலமாக எரிகிறது. சமையலுக்கு அது நல்லது, மரம் சீவ உதவாது.

கார்பைடின் பூண்டு நாற்றம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சுத்தமான அசிட்டிலீனுக்கு அந்த நாற்றம் கிடையாது. கார்பைடில் கலந்துள்ள பாஸ்பரஸ் அழுக்கு தண்ணீர் பட்டு பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாக வருவதே காரணம். பழத்தைக் கார்பைட் வைத்துப் பழுக்கவிடக் கூடாது என்பதும் இதனாலேதான்.

பெருநாள் காலத்தில் மூங்கிலில் கார்பைடும் தண்ணீரும் போட்டு வெடிக்கும் பையன்களுக்கு ஒரு வார்த்தை. காற்றில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அசிட்டிலீன் இருந்தாலே வெடிக்கும். எண்பது பங்கு இருந்தாலும் வெடிக்கும். "அளவா போட்டா ஒன்னும் ஆகாது" என்பது வெறும் பேச்சு. மூங்கில் பிளந்தால் விரலும் கண்ணும் போகும். நம் நாட்டு 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி அது குற்றமும்கூட.

பிறகு பேட்டரி விளக்கு வந்தது. ரப்பர் நிரைகள் பலவும் செம்பனையாக மாறின. செம்பனைக் குலையை விடிந்த பிறகே வெட்டலாம். ஆனால் அசிட்டிலீன் ஓய்ந்துவிடவில்லை. இரும்பு வெட்டும் பட்டறையில் பிராணவாயுவோடு சேர்ந்து 3,000 டிகிரிக்கு மேல் எரிவது அதே வாயுதான்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கார்பைட் விளக்கு கிடந்தால் எடுத்துத் திறந்து பாருங்கள். அடிப்பாத்திரத்தில் வெள்ளையாக ஏதோ இறுகி ஒட்டியிருக்கும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பின் இனம்தான் அது. ஆனால் அழுக்குக் கலந்தது, வாயில் வைக்கக் கூடாது. இத்தனை வருடமாகக் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்துக் குடித்து, அது மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாக மாறிக்கொண்டிருக்கிறது. கார்பைட் செய்வதற்கு மலையிலிருந்து முதலில் வெட்டி எடுத்ததும் அந்தக் கல்லைத்தான்.